காலி ஓட்டுக்குள் எட்டிப் பார்ப்பவள்

குஞ்சு பொரிக்கிற அன்றைக்கு எங்கள் பொரிப்பகத்தில் எல்லாரும் குஞ்சைப் பார்ப்போம். என் தம்பி மனைவி மட்டும் ஓட்டைப் பார்ப்பாள். தட்டை வெளியே இழுத்ததும், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற அத்தனை குஞ்சையும் விட்டுவிட்டு, உடைந்து கிடக்கிற ஓடு ஒன்றை எடுத்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிற சவ்வு வெளுத்து, அதிலிருந்த நரம்பெல்லாம் வற்றி, ரத்தம் இல்லாமல் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கு அண்ணி" என்பாள். அதற்குப் பிறகுதான் குஞ்சின் பக்கம் திரும்புவாள்.

"ஏன்டி, பிள்ளையை விட்டுட்டுத் தொட்டிலைக் கொஞ்சுற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று திட்டுவேன். திட்டுவது எனக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு வேளை விட்டால் தலை சுற்றும். அவளும் அதைத் தெரிந்துகொண்டு, பதில் பேசாமல் அடுத்த ஓட்டை எடுப்பாள்.

எங்கள் பொரிப்பகம் ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம். உள்ளே பீரோ பீரோவாக மிஷின்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் தட்டுத் தட்டாக முட்டை. தட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் சாயும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்தச் சாய்ச்சல். பொரிக்கப் போகிற கடைசி நாட்களில் மட்டும் முட்டைகளை வேறு மிஷினுக்கு மாற்றிச் சாய்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த மிஷினில் ஈரம் அதிகம் இருக்க வேண்டும், கதவைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது. எனக்குக் கடைசி அறையில், குஞ்சுகளைப் பெட்டியில் போடும் மேசையில் வேலை. அவளுக்கு நடுவில் ஓர் இருட்டு அறை. முட்டையை விளக்கின் மேல் வைத்து, உள்ளே கரு வளர்கிறதா, வெறும் முட்டையா என்று பிரிப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு டார்ச்சு என்று பெயர் விழுந்துவிட்டது. என் தம்பி மட்டும் கோபம் வந்தால் அந்தப் பெயரைக் கொஞ்சம் நீட்டி 'டார்ச்சர்' என்பான்.

அவனுக்கு அவளைப் பிடித்துக் கொடுத்தவளே நான்தான். அவன் குஞ்சு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். வண்டியில் குஞ்சு இருந்தால் தொட்டிலை நகர்த்துவதுபோல ஓட்டுவான். நாங்கள் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். இப்படிப்பட்டவனுக்குப் பொறுமைசாலிதான் சரிப்படுவாள் என்று பார்த்துக் கட்டி வைத்தேன். பொறுமைசாலிதான், சந்தேகமே இல்லை. ஆனால் பிடிவாதம் வந்துவிட்டால் மலையைக்கூட நகர்த்தலாம், அவளை நகர்த்த முடியாது. அது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குச் சமைக்க வாங்குகிற முட்டையைக்கூடக் கடைக்காரர் முன்னாலேயே செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். அந்த மனுஷன் என்னைக் கண்டால் போதும், "உங்க வீட்டு டாக்டரை வேற கடைக்குப் போகச் சொல்லும்மா" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

இத்தனை வருஷம் அங்கே வேலை செய்தும் முட்டைக்குள் என்ன நடக்கிறதென்று நான் பார்த்ததே இல்லை. என் மேசைக்குக் குஞ்சாகத்தானே வருகிறது! ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"ஒரு தடவை பாருங்க அண்ணி. அப்புறம் திட்டுங்க."

இருட்டு அறையில் விளக்கின் மேல் முட்டையை வைத்தாள். முட்டை முழுவதும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. அதற்குள் சிவப்பு நூல்கள் நாலா பக்கமும் ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. காலையில் பல் தேய்த்ததிலிருந்து ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த என் வாய் அப்படியே நின்றுபோயிற்று.

"இவ்ளோ நரம்பு இருக்கே குஞ்சுக்கு!" என்றேன்.

"குஞ்சு அந்தப் புள்ளி மட்டுந்தான். நரம்பு ஓடுறதெல்லாம் ஜவ்வுல. ஒரு ஜவ்வு மஞ்சக்கருவைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பாடு அனுப்புது. ஒண்ணு தண்ணிப் பை, அதுக்குள்ளதான் இது மிதக்குது. இன்னொண்ணு இது கழிக்கிறதையெல்லாம் வாங்கி வச்சுக்குது. அது வளந்து வெளி ஜவ்வோட சேந்து ஓட்டை ஒட்டிப் படர்ந்துக்கும். ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு பாருங்க, அது வழியா இதுக்குப் பதிலா மூச்சு விடுறது அதுதான்."

"இதையெல்லாம் யாருடி உள்ள போய்க் கட்டினது?"

"இதுவேதான். கை கால் முளைக்கிறதுக்கு முன்னாடியே கட்ட ஆரம்பிச்சிடும்."

கை இல்லாமல் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது! அவள் அந்த முட்டையை எடுத்துவிட்டு, கொஞ்சம் வளர்ந்த கரு உள்ள இன்னொன்றை வைத்தாள். உள்ளே நிழலாகத் தெரிந்த உருவம் இப்படியும் அப்படியும் மெல்ல ஆடியது. மேசையை நான்தான் இடித்துவிட்டேனோ என்று கையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க ஆட்டல அண்ணி. தண்ணிப் பை தானாவே சுருங்கி விரிஞ்சு ஆட்டுது. தொட்டில் ஆட்ட யாரும் இல்லைன்னு அதுக்குத் தெரியும்போல."

அன்றைக்கு மேசைக்குத் திரும்பியபோது என் கையில் ஏறிய முதல் குஞ்சைப் பெட்டியில் போடவே மனசு வரவில்லை. இவ்வளவு ஏற்பாட்டோடு வந்த ஜீவனையா நான் இத்தனை நாள் பொத்துப் பொத்தென்று போட்டுக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவள் ஏன் காலி ஓட்டைப் பார்க்கிறாள் என்பதும் பிறகு ஒரு நாள் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு முட்டையில் குஞ்சு மூக்கால் ஓட்டை போட்டுவிட்டு, வெகு நேரம் கத்திக்கொண்டே கிடந்ததாம். பாவம், வெளியே வர முடியாமல் தவிக்கிறது என்று நகத்தால் ஓட்டைக் கிள்ளிப் பிரித்திருக்கிறாள். சவ்வு கிழிந்து ரத்தம் அவள் உள்ளங்கையில் கொட்டிவிட்டது. குஞ்சு அந்த நேரத்தில் தவித்துக்கொண்டு இருக்கவில்லை. சவ்வில் ஓடுகிற தன் ரத்தத்தையெல்லாம் உடம்புக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு இருந்தது. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் பையோடு வயிற்றுக்குள் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அது ஓட்டைச் சுற்றி உடைத்துக்கொண்டு வரும். "உதவி பண்றேன்னு போய்க் கொன்னுட்டேன் அண்ணி" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே சட்டம். குஞ்சு தானாக வரட்டும், கை வைக்கக் கூடாது.

இந்தச் சட்டம்தான் பின்னால் எங்கள் குடும்பத்தை உலுக்கிப் போட்டது.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் என் தம்பிக்குக் கால் தரையில் படவில்லை. அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷமெல்லாம் இல்லை. வேலைக்கு வந்ததுபோலக் கவனம் வந்துவிட்டது. படுத்தால் கொஞ்ச நேரம் இடது பக்கம், கொஞ்ச நேரம் வலது பக்கம். "அக்கா, பக்கத்துல படுத்திருக்கிறது பொண்டாட்டியா மிஷினா தெரியலை" என்று அவன் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னான். முதல் ஸ்கேன் எடுத்தபோது நானும் கூடப் போனேன். திரையில் கறுப்பாகத் தெரிந்த தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு துளி உருவம் துள்ளியது. அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், தண்ணிப் பையா ஆட்டுது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இல்லம்மா, உங்க குழந்தை அதுவே ஆடுது. பனிக்குடம் அதுக்கு ஆட இடம் கொடுக்குது."

"அதையும் கருவேதான் கட்டிக்குதா?"

"ஆமா. நீங்க கட்டினது இல்ல அது. ஒரே கருவுலேர்ந்துதான் குழந்தையும் வருது, அந்தப் பையும் வருது."

வெளியே வந்ததும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நம்மகிட்டயும் அதே வேலைதான் நடக்குது" என்றாள். கண் நிறைந்திருந்தது. தினமும் நூற்றுக்கணக்கில் பார்த்த ஒன்று தன் வயிற்றுக்குள்ளும் இருக்கிறதென்று அவளால் நம்ப முடியவில்லை. எனக்கும்தான். ஓடு மட்டும் இல்லை, மற்றபடி எல்லாம் அப்படியே.

மாதங்கள் நன்றாகத்தான் போயின. பிரசவத்துக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் வழக்கமான பரிசோதனைக்குப் போனாள். நான் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி போன் பண்ணினான். அவன் குரலைக் கேட்டதுமே கையிலிருந்த குஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, உடனே வா. ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துடணும்னு சொல்றாங்க. இவ மாட்டேன்னு உக்காந்திருக்கா."

தலையில் மாட்டிய வலைத் தொப்பியோடு, சட்டையெல்லாம் குஞ்சு முடியோடு ஓடினேன். ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றில் பட்டை கட்டி, பக்கத்து மிஷினில் குழந்தையின் துடிப்பு டொக்டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது மெதுவாகும். நாங்கள் எல்லாரும் அப்படியே நிற்போம். பிறகு பழையபடி வேகம் பிடிக்கும். டாக்டரம்மா என்னிடம் பொறுமையாகச் சொன்னார்.

"பனிக்குடத்துல தண்ணி ரொம்ப வத்திப் போச்சும்மா. மிதக்க இடமில்லாம தொப்புள்கொடி அழுந்துது. அதான் துடிப்பு நடுநடுவுல இறங்குது. குழந்தை கொஞ்சம் சின்னதா இருந்தாலும் வெளியில நல்லாப் பாத்துக்கலாம். உள்ளயே விட்டா நான் உறுதி சொல்ல முடியாது. ரொம்ப நேரம் கிடையாது, சீக்கிரம் பேசிட்டுச் சொல்லுங்க."

அவர் கதவருகே போய் நின்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கேட்டியா?"

"நாள் இன்னும் இருக்கு அண்ணி. தயாராகாம எடுக்கக் கூடாது. ரத்தம் ஜவ்வுல இருக்கும். எடுத்தா கொட்டிடும்."

"அடியே, இது முட்டையா? அவங்க எத்தனை குழந்தையை எடுத்தவங்க!"

"நான் ஒண்ணை எடுத்திருக்கேன். இந்தக் கையிலதான் செத்துச்சு."

கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தம்பி சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. பிடிவாதக்காரி என்றேன், கல்நெஞ்சக்காரி என்றேன், என் தம்பி பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். எல்லாம் பாறையில் விழுந்த தண்ணீர். அவள் கண்ணை மூடிக்கொண்டு மிஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது மறுபடியும் மெதுவானது.

வத்திப் போச்சு என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இதே மாதிரி ஈரம் வற்றிப்போன ஒரு நாளை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம்.

போன கோடையில், பொரிக்கிற மிஷினில் ஈரம் தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. திறந்தபோது ஒரு தட்டு முழுவதும் முட்டைகள் குஞ்சு மூக்கால் ஓட்டை போட்ட நிலையில் அப்படியே நின்றிருந்தன. உள் சவ்வு காய்ந்து தோல் மாதிரி ஆகி, குஞ்சின் மேல் இறுகிப் பிடித்திருந்தது. திரும்பக்கூட முடியாமல் குஞ்சுகள் முனகிக்கொண்டிருந்தன. தட்டை ஒதுக்கிவிடச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். கை வைக்கக் கூடாது என்ற சட்டத்தைத் தானே போட்டவள், அன்று வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். சவ்வை நனைத்து, ஊறவிட்டு, நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து இம்மி இம்மியாக உரித்தாள். ரத்தம் தெரிந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி நனைப்பாள். நான் துணி பிழிந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் பிழைக்கவில்லை. ஆனால் பிழைத்தவை என் மேசைக்கு வந்தன, நான்தான் பெட்டியில் வைத்தேன்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கே தெரியாமல் என் குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, அன்னைக்குக் குழாய் அடைச்சப்ப ஏன் உரிச்சே?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"கை வைக்கக் கூடாதுன்னு சொல்றவதானே நீ. அன்னைக்கு ஏன் வச்சே? சொல்லு."

மிஷின் டொக்டொக்கென்றது.

"ஜவ்வு காஞ்சு போச்சு" என்றாள் மெல்ல. "காஞ்சிட்டா அதுவே வராது அண்ணி. காப்பாத்துற ஜவ்வே இறுக்கிடும்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

இத்தனை நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு அவளே தலையைத் தூக்கி, டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"எடுங்க டாக்டர். ஆனா ஒண்ணு. வெளிய எடுத்ததும் கொடியை உடனே வெட்டிடாதீங்க. அதுல இருக்கிற ரத்தம் அதுக்குப் போகட்டும்."

சண்டை போடுவாரோ என்று பயந்தேன். டாக்டரம்மா அவள் தலையில் கை வைத்தார். "குழந்தை நல்லா இருந்தா நாங்களே அதைத்தான் செய்வோம்மா. கொடி துடிக்கிறது அடங்குற வரைக்கும் பொறுத்துட்டுத்தான் வெட்டுவோம். போகலாமா?"

"போகலாம்" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. தம்பியும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் என் தொப்பியை எடுத்துப் பிசைந்துகொண்டே இருந்தான். உள்ளேயிருந்து மெல்லிய, கோபமான ஓர் அழுகை கேட்டபோது, "அப்பாடா, அத்தை மாதிரியே வாயி" என்று அவன் சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதான். பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் மூச்சு நன்றாக இருக்கிறது, கொஞ்ச நேரம் சூட்டில் வைத்துவிட்டுத் தருகிறோம் என்றார்கள்.

அவன் குழந்தையின் பின்னால் ஓடினான். நான் நர்ஸைப் பிடித்தேன்.

"தங்கச்சி, அந்தப் பையும் கொடியும் இருக்குமில்ல, அதை நான் பாக்கணும்."

"அதை எதுக்கும்மா பாக்கணும்? குழந்தையைப் பாருங்க."

"குழந்தையை அப்புறம் பாக்குறேன். கோவிச்சுக்காம காட்டு."

என்ன நினைத்தாளோ, உள்ளே போய்க் கேட்டுவிட்டு என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். பேசினில் இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளைக்குச் சாப்பாடு அனுப்பின நஞ்சு சிவந்து தட்டையாக, அகலமாகக் கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து தொங்கிய சவ்வைக் கையுறைக் கையால் மெல்லத் தூக்கி விரித்து, முழுதாக வந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். அது அவள் எப்போதும் செய்கிற வேலையாம். அடேயப்பா! வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசு. அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது, எதிர்ச் சுவர் தெரிந்தது. இவ்வளவு மெல்லிய ஒன்றா அந்தப் பிள்ளையை இத்தனை மாதம் உலகத்திடமிருந்து பிரித்து வைத்தது! சவ்வுக்குக் கீழே நஞ்சின் மேல் நரம்புகள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடின. இருட்டு அறையில் அந்த முட்டைக்குள் பார்த்த அதே ஓட்டம். யாரும் பார்க்காத இடத்தில், கைகூட முளைக்காத ஒன்று தனக்காகச் செய்துகொண்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை.

பிறகு கொடியைப் பார்த்தேன். குனிந்து, நன்றாகப் பார்த்தேன்.

அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. தம்பி குழந்தையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு வந்து அவள் தலைமாட்டில் நின்றான். "மூக்கு என் மூக்கு, பாரேன், காது மட்டும் உன்னுது, இங்க பாரு, இங்க பாரு" என்று நிறுத்தாமல் பேசினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பாத்தீங்களா?"

எதைக் கேட்கிறாள் என்று தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தேன்டி. கொடி வெளுத்துத் துவண்டு கிடந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகுதான் குழந்தையின் பக்கம் திரும்பினாள்.